ரசீது எண் 618

மெமரி கார்டைக் கம்ப்யூட்டர் காட்டவில்லை என்று ஓடிவருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கார்டில் கோளாறே இருக்காது, சார். செருகும் துளையில் தூசி இருக்கும். இல்லையென்றால் கார்டு ரீடர் உயிரை விட்டிருக்கும். அது தெரியாமல் எதையாவது அழுத்திக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டால் ஆமாம் சொல்லாதீர்கள், உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக இதே தொழில். என் கையில் ஒரு கார்டும் செத்ததில்லை.

அந்த அம்மா ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். நகத்தளவு கார்டு, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவருடைய நான்கு வயது மகள் காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணா, பாப்பா குரல் வேற எதுலயும் இல்ல. இதுல ஒரே ஒரு வீடியோ இருக்கு. எப்படியாவது எடுத்துக் குடுங்க."

ரசீது எண் 618 போட்டுக் கொடுத்தேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் கோளாறு பிடிபட்டுவிட்டது. கார்டின் பின்பக்கப் பட்டைகளில் அழுக்கு. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், திறந்துகொண்டது. நான்கு நிமிட வேலை.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வீடியோவைத் திறந்தேன். அது வழக்கம்தான். குழந்தை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நான் எங்க இருக்கேன், கண்டுபிடி" என்கிறாள். பாதம் இரண்டும் வெளியே தெரிகின்றன. சிரித்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்வேன், எழுவேன், மறுபடி அதையே ஓடவிடுவேன். என் வீட்டில் என்னைத் தேடவும் ஆளில்லை, தேடச் சொல்லவும் ஆளில்லை. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் அவர் வந்து கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்கம்மா, இன்னும் காட்டல" என்றேன். ஒன்பது வாரம் அப்படியே போனது. வருவார், நாற்காலி நுனியில் உட்கார்வார், பாப்பாவுக்கு என்ன பிடிக்கும், எதற்கெல்லாம் அடம்பிடிப்பாள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் போனதும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொள்வேன். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

பத்தாவது வாரம், "வேற கடையில குடுத்துப் பாக்கறேன் அண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். என் மேசைக்குப் போய், சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தபடியே ஆமாம் என்று அழுத்தினேன். அது மட்டும் போதாது, தெரிந்தவன் மீட்டுவிடுவான். அதனால் கார்டு முழுக்க வெறும் பூஜ்யங்களை இரண்டு தரம் எழுதி, மறுபடி ஃபார்மட் செய்தேன். பிறகு, "கார்டு செத்துப்போச்சும்மா" என்று சொல்லி அதே கைக்குட்டையில் முடிந்து கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

கைப்பழக்கம்தான் காலை வாரிவிட்டது. ஃபார்மட் செய்த கார்டுக்கு ரசீது எண்ணையே பெயராக வைப்பேன், ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்க. அடுத்த கடைக்காரர் செருகியதும் செத்த கார்டு சட்டென்று திறந்ததாம். உள்ளே ஒன்றுமில்லை, பெயர் மட்டும் 618.

பிரதி எங்கே என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அந்த அம்மா ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பதும் தெரியும். என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இதோ, எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை என்னிடம் பத்திரமாகத்தான் இருந்தாள். ஒரே ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன், பழையதை வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து, "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்பாள். அந்த முதல் வார்த்தையை மட்டும் வெட்டினேன்.

இப்போது போட்டுக் கேளுங்கள், சார். என்னிடம்தான் சொல்கிறாள்.