புளிக்குழம்பில் பன்னிரண்டு துண்டு

— மம்மி, ஃபிரிட்ஜுல மேல் தட்டுல ஒரு வெள்ள டப்பா வச்சிருந்தேனே, எங்க?

— கழுவிக் கவுத்தியிருக்கேன், பாரு ஜெனி.

— கழுவிட்டியா? உள்ள பன்னெண்டு துண்டு இருந்துச்சே!

— அந்த வத்தலா? புளிக்குழம்புல போட்டுட்டேன். தபசு காலத்துல கறியா வைக்க முடியும்?

— அரே, என்ன மம்மி நீ! அது வத்தல் இல்ல. செம்பூர் லேப்ல இருந்து கொண்டாந்தது.

— காஞ்சு, ஓட்ட ஓட்டயா வத்தல் மாதிரித்தானட்டி இருந்துச்சு?

— அது லேப்ல கறி வளக்கப் போடுற சாரம். சோயாவும் கடல்பாசியும் சேத்துச் செஞ்சது. கோழிக் கொழுப்பு செல்லு அதப் பிடிச்சு ஏறி வளரணும்.

— கட்டடம் முடிஞ்சா சாரத்தப் பிரிச்சிருவாங்களே?

— இதப் பிரிக்க முடியாது, கறியோட சேத்துத் தின்னுரணும். அதான் தலவலியே. கொதிக்க வச்சா சாரம் கரைஞ்சு, கொழுப்பெல்லாம் எண்ணெயா ஓடிருது. மூணு தடவ ஓடிருச்சு. நாளைக்குக் காலைல சாய்நாத் சார் முன்னாடி நாலாவது. இதுவும் கரைஞ்சா எங்க டீமையே மூடிருவாங்க. என் வேலையும் போச்சு.

— அப்ப நாளைக்கு என்னத்தக் காட்டுவ?

— சாருக்கு லேப்ல வேற டப்பா இருக்கு. இத நம்ம வீட்டு அடுப்புல வச்சு முன்னாலயே பாத்துரலாம்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். எவ்வளவு நேரம் கொதிச்சுது?

— அரை மணி நேரம் இருக்கும்.

— புளியில அரை மணி நேரமா! கூழாத்தான் ஆயிருக்கும்.

— கரண்டிய விட்டுப் பாரேன்.

— மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு.

— தள்ளு அங்கிட்டு. இந்தா, ஒண்ணு. இன்னொண்ணு.

— இரு, இரு! முழுசா இருக்கா? ஓரம் கரையலையா?

— அழுத்துனா நசுங்குது, விட்டா எந்திரிக்கி. கடிச்சுப் பாரு.

— மம்மி... நிக்குது! உள்ள அப்பிடியே பஞ்சு மாதிரி நிக்குது! சேசுவே, நிக்குது மம்மி!

— மெதுவாட்டி, வாய் வெந்துரும்.

— வேகட்டும். மூணு மாசமா இன்னைக்குத்தான் ஒழுங்கா மூச்சு விடுதேன். இனி நிம்மதியா தூங்குவேன். நல்லவேள, நீ தெரியாமப் போட்ட!

— தெரியாமயா? ரெண்டு நாளா டப்பாவ எடுக்க, அடுப்பப் பத்தவைக்க, பயந்து அணைக்கன்னு நின்ன. இதுல இன்னும் செல்லு ஏத்தலன்னு நீ ஒங்க டீம் ஜெப்ரிகிட்ட போன்ல சொன்னதையும் கேட்டேன். கறி சேரலன்னா தபசுக்குத் தோசமில்லன்னு அப்பறந்தான் போட்டேன்.

— பின்ன எதுக்கு மம்மி வத்தல், வத்தல்னு சொன்ன?

— கரைஞ்சிருந்தா நீ என்னையத்தானட்டி ஏசியிருப்ப. ஒன்னைய நீயே ஏசிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டல்லா.