மூணாவது மதகு

– லீவுக்குப் படகு புக் பண்ணியாச்சு. ஏரி வேணாம்னீங்க, சரின்னேன். ஆத்துல இழுப்பு ஜாஸ்தின்னீங்க, அதுக்கும் சரின்னேன். இப்ப கால்வாயும் வேணாம்னா, படகைப் பாத்ரூம் தொட்டியிலயாங்க விடறது?

– கால்வாயே வேணாம்னு சொல்லலம்மா. அது வந்து… இந்த வழி வேணாம்.

– அந்த உப்பு டப்பாவை மேப் ஓரத்துல வைங்க, சுருட்டிக்குது. ம். படகுத்துறை இங்க. ரெண்டு மதகு தாண்டி மூணாவது மதகு, அப்புறம் ஏரி முகப்பு. அதோட திரும்பிடலாம். புருஷன் மதகு மெக்கானிக்னு பேரு, கல்யாணமாகி பத்து வருஷத்துல ஒரு மதகைக் கண்ணுல காட்டினதில்ல.

– பழைய கால்வாய்ல சுத்திப் போலாமே.

– அது சாக்கடைங்க! மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுக்கு லீவு போடணுமா?

– நாத்தம்தான். ஆனா இடுப்பளவு தண்ணி. விழுந்தாலும் எழுந்து நிக்கலாம். பாப்பாகிட்ட சொல்லிட்டியா?

– இன்னும் இல்ல. முதல்ல வழி முடிவாகட்டும். மூணாவது மதகுல எவ்ளோ ஆழம்?

– தண்ணி ஏத்தினா மூணாள் ஆழம். ரெண்டு பக்கமும் இரும்புக் கதவு. படகை நடுவுல விட்டு அடைச்சிட்டுத் தண்ணிய விடுவோம். படகு மேல வந்ததும் முன்கதவைத் திறப்போம். அவ்ளோதான்.

– அவ்ளோதான்னா ஏன் கை நடுங்குது? டீ சிந்துது பாருங்க.

– அது வந்து… அந்த முன்கதவுதான் ஏரித் தண்ணி மொத்தத்தையும் தாங்கிட்டு நிக்குது. அது விட்டுதுன்னா, உள்ள நிக்கற படகு அவ்ளோதான். கத்தக்கூட நேரம் இருக்காது.

– ஏன் விடுது? மாசாமாசம் நீங்கதானே முங்கி, கதவோட அடிக்கீலைச் சுத்தியலால தட்டிப் பாக்கறீங்க? கணீர்னா நல்லது, சொத்துனு கேட்டா இரும்பு அரிச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

– ஆமா.

– போன மாசம் எப்படிக் கேட்டுது?

– டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரியா?

– கேக்கறேன்ல?

– கேக்கல.

– சத்தம் வரலையா?

– நான் தட்டல. முங்கவே இல்ல. நாலு மாசமா முங்கல. படியில இடுப்பு வரைக்கும் எறங்கி டிரெஸ்ஸை நனைச்சிட்டு, மேல வந்து நோட்டுல 'நல்ல நிலை'ன்னு எழுதிடறேன்.

– ஏங்க?

– மேல கயிறு பிடிக்கறவர் ரிட்டயரானார் இல்ல? அவருக்கு பதிலா ஆளே போடல. ஒருத்தனாவே எறங்கினேன். அடியில காத்துக் குழாய் கதவுல மாட்டிக்கிச்சு. கும்மிருட்டு. கயித்தை இழுக்கறேன், இழுக்கறேன்… மேல யாரு இருக்கா? எப்படி வெளிய வந்தேன்னு எனக்கே தெரியல. அதுலருந்து தண்ணி கழுத்துக்கு வந்தாலே மூச்சு நின்னுடுதுடி.

– எங்கிட்ட ஏன் சொல்லல?

– சொன்னா வேலைக்குப் போகாதேன்னுவ. மேலதிகாரிகிட்ட சொன்னா முங்க முடியாதவன் எதுக்குன்னு அனுப்பிடுவாங்க. இருபது வருஷம் இந்த ஒண்ணுதானே தெரியும் எனக்கு?

– அப்ப அந்தக் கீலு?

– நல்லாவும் இருக்கலாம். அரிச்சும் போயிருக்கலாம். தெரியல. அதான் தூக்கமே வரல. பயமா இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன், நம்ம படகை கேன்சல் பண்ணிடு.

– எந்தப் படகை?

– நீ புக் பண்ணின படகுதான்.

– நான் எதையும் புக் பண்ணலைங்க. உங்க முங்கற டிரெஸ்ஸை அலசறது நானு. நாலு மாசமா இடுப்புக்கு மேல ஒரு பொட்டு சேறு இல்ல, தலைக்கு மாட்டற உறை காஞ்சே வருது. ராத்திரியெல்லாம் கையக் கால உதறறீங்க. நேரா கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க. எந்த இடத்துல விரல வச்சா நடுங்கறீங்கன்னு பாக்கத்தான் இந்த மேப்பையே விரிச்சேன். இந்தாங்க போன். காலைல ஏழு மணிக்கு முதல் படகு அங்க வரும். அதுக்குள்ள ஆபீஸுக்குப் பேசி, அந்த மதகுல படகு விடறதை நிறுத்தச் சொல்லுங்க.