காளவாய் பேண்டு கலையவில்லை

எனக்குப் பாட்டு என்றாலே ஆகாது சார். அதனால்தான் அந்தப் பையன்களைப் பிடித்துப்போனது. அவர்கள் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது.

தொண்ணூற்றேழில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அணைந்துபோன காளவாய் ஒன்றின் கொட்டகையில் மூன்று பேர் கத்திப் பழகினார்கள். லப்பைக்குடிக்காட்டு உதுமானுக்கு அவன் அண்ணன் துபாயிலிருந்து கரண்டு கிட்டார் அனுப்பியிருந்தான். முருகையன் டிரம் அடிப்பான், பங்காளியை அடிக்கிற மாதிரி. கலைச்செல்வன் தொண்டை கிழியப் பாடுவான். சினிமாப் பாட்டைத் தொடமாட்டோம், எங்கள் பாட்டு மட்டும்தான் என்று சத்தியம் செய்து, பேண்டுக்கும் ‘காளவாய்’ என்றே பேர் வைத்தார்கள். நான் மூட்டையை இறக்கிவிட்டு அவர்கள் பெட்டிகளைத் தூக்கினேன். அறிவொளி ராத்திரி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். பெட்டி மேலெல்லாம் பேர் எழுதியது நான்தான்.

கோயில் திருவிழாக்களில்தான் இடம் கிடைத்தது. வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் ஊரில் முதல் பாட்டுக்கே வெட்ட வைத்திருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்னும் அகப்படவில்லை. இன்னோர் ஊரில் பம்பைக்கு இறங்காத அம்மன் முருகையன் அடிக்கு இறங்கிவிட்டது. மறுநாள் வரைக்கும் மலையேறவில்லை. அடுத்த வருசம் வருவதாக இருந்தால் சொல்லிவிட்டு வாங்க, நாங்க வெளியூர் போயிடுறோம் என்றார் ஊர்ப் பெரியவர்.

எங்கள் ஆம்ப்ளிஃபையர் கிழடு. கரண்டு கசியும். மைக்கில் வாய் வைத்தால் உதடு சுர்ரென்னும். கசிகிற கரண்டு ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் இறங்க எர்த் கம்பி அடித்து, ஒயர் கட்டி, கச்சேரி முடிகிறவரை கம்பியடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கணும். அது என் வேலை. கலைச்செல்வன் உயிர் என் குடத்தில் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அரும்பாவூர்க் கச்சேரிக்குப் பெட்டி இறக்கும்போது அவன் சொன்னான்.

“அரியமுத்தண்ணே, இதோட சரி. மெட்ராசுல மெல்லிசைக் குழுவுல கூப்டுட்டாங்க. கல்யாண வூட்டுல சினிமாப் பாட்டு. நின்னுக்கிட்டு மெதுவாப் பாடுனாப் போதும்.”

“அப்ப பேண்டு?”

“ஊரூரா ஆட்டைத் தொரத்துனதுக்குப் பேரு பேண்டாண்ணே?” என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பாடுகிறவன் விட்டுவிட்டுப் போனால் பேண்டு கலைந்துபோச்சு என்பார்கள். பாடும்போதே போய்ச்சேர்ந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கோயிலுக்கு எதிரில் செருப்புப் போடக்கூடாது, வெறுங்காலோடுதான் பாடணும். புழுதி பறக்குது என்று சொல்லி அவன் நிற்கிற இடத்தில் குடத்தைக் கவிழ்த்தேன். கம்பியிலிருந்து ஒயரைக் கழற்றினேன். அவ்வளவுதான் வேலை.

மைக்கைப் பிடித்தவன் விடாமல் உதறினான். சாமி வந்துவிட்டது என்று சனம் கற்பூரம் கொளுத்தியது. உதுமான் ஒருத்தன்தான் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி ஓடிவந்தான். “பாட்டு முடியட்டும் தம்பி” என்றேன்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். உதுமான் துபாய்க்குப் போனான். முருகையன் சிமெண்டு லாரிக்குப் போனான். இப்போது உதுமான் லீவில் வந்து, அன்றைக்கு என் கையில் ஒயரைப் பார்த்ததாக ஸ்டேசனில் உங்களிடம் சொல்லியிருக்கிறான். சரியாகத்தான் பார்த்திருக்கிறான். கொன்றது நான்தான்.

ஆனால் பேண்டு கலையவில்லை சார். பெட்டியெல்லாம் என் வீட்டில்தான் இருக்கிறது, தினமும் துடைத்து வைக்கிறேன். உதுமான் திரும்பிப் போவதற்குள் அடுத்த கச்சேரி எந்த ஊரில் என்று கேட்டுச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற நான் வந்துவிடுவேன்.