மூச்சுக்குறி வைக்கும் இடம்

ஜனவரி 4, 2010, திங்கள்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு பிழை செய்தேன். ஓர் அழுத்தக்குறியைச் சுரத்துக்கு மேலே வைப்பதற்குப் பதிலாகக் கீழே வைத்துவிட்டேன். கிருஷ்ணமூர்த்தி சார் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். துக்க வீட்டுப் பெண் என்று விட்டிருப்பார். நானே திருத்திக்கொண்டேன்.

லம்பா லைன் வகுப்பில் நாங்கள் படிக்கும் மென்பொருளில் சுரங்களைப் படமாக வரைவதில்லை. எழுத்தாகத் தட்டச்சு செய்கிறோம். அது ஐந்து கோடுகளில் சுரங்களாக அச்சாகி வருகிறது. குறி எங்கே நிற்கும் என்பது அதை எங்கே தட்டினோம் என்பதைப் பொறுத்தது. மூச்சுக்குறி சின்னக் காற்புள்ளி மாதிரி இருக்கும். எந்தச் சுரத்துக்குப் பின்னால் எழுதுகிறோமோ, அங்கே வாசிப்பவர் மூச்சு எடுக்கலாம்.

எங்கள் பேண்டில் இரண்டு கிளாரினெட். ஒன்று என் சித்தப்பா பாலசுப்பிரமணியம், இன்னொன்று முருகானந்தம். டிசம்பர் 26 சுனாமி நினைவுநாள் பாட்டில் அந்த இரண்டு கிளாரினெட்டின் நாதம் இடையில் அறுபடக் கூடாது. அதனால் ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் வாசித்துக்கொண்டிருப்பார். யார் எங்கே எடுப்பது என்று, சார் சொன்னபடி நான் தட்டச்சு செய்து கொடுக்கும் தாளில் இருக்கும். குறி இல்லாத இடத்தில் எடுத்தால், "சோர் ஹை, மூச்சுத் திருடன்" என்று எல்லாரும் கத்துவார்கள். சித்தப்பா ஒருநாளும் அந்தப் பேர் வாங்கியதில்லை. கச்சால் தீவில் சுனாமியின்போது சேற்றுத் தண்ணீர் குடித்ததில் அவருடைய நுரையீரல் பாதி கெட்டுவிட்டது. அடிக்கடி மூச்சு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவர் தாளில் குறிகள் அதிகம்.

நவம்பரில் ஒருமுறை குறிகளை இடம் மாற்றித் தட்டிவிட்டேன். அது உண்மையிலேயே பிழைதான். ஒத்திகையில் அவர் உதடு நீலமானது. ஆனாலும் நிறுத்தவில்லை. முடிந்ததும் நாற்காலியில் சரிந்து, "அரே காவேரி, சித்தப்பாவக் கொன்னுருவ போலிருக்கே மகளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவே திருத்திவிட்டேன்.

அடுத்த வாரம் டீ குடிக்கும்போது அவர் வழக்கமான கதையைச் சொன்னார்.

"ரெண்டு பாட்டு வாசிக்கிற நேரம் தண்ணிக்குள்ள மூச்சப் புடிச்சேன், தெரியுமா?"

"விடுங்கண்ணே, போன வருஷம் ஒரு பாட்டுதான சொன்னீங்க" என்றான் முருகானந்தம்.

"போடா. எங்க அண்ணி தங்கம்மா இருக்காளே, அவ அவசரக்காரி. வாயத் தொறந்துட்டா. பஸ், கதம், முடிஞ்சுபோச்சு."

தங்கம்மா என் அம்மா. சித்தப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழாமல் அதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லையோ என்னவோ.

அலை வந்தபோது என் கையைப் பிடித்திருந்தவர் அவர்தான். அவருக்கு இன்னொரு கை இருந்தது. அதை அவர் அம்மாவிடம் நீட்டவில்லை. அதில் மரத்தைப் பிடித்திருந்தார். பிறகு என்னை வளர்த்ததும் அவர்தான். இந்த வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

நினைவுநாள் காலையில் மின்னி பே நினைவிடத்தில் அவரிடம் புதுத் தாள் கொடுத்தேன். "சார் கொஞ்சம் மாத்தியிருக்காரு சித்தப்பா" என்றேன். சார் எதையும் மாற்றவில்லை. கடைசிப் பகுதியில் சித்தப்பாவின் குறிகளை எடுத்து முருகானந்தத்தின் தாளில் வைத்திருந்தேன்.

"குறியே காணோமே மகளே."

"முருகானந்தம் எடுப்பாரு. நீங்க விடாம வாசிக்கணும்."

"தீக் ஹை, சரி" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முருகானந்தம் தன் குறிகள் வந்த இடங்களில் நிறுத்தி மூச்சு எடுத்தான். அப்போதெல்லாம் சித்தப்பா மட்டும் வாசித்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நாதம் அறுபடவில்லை. கடைசிச் சுரத்தை முடித்துவிட்டுத்தான் விழுந்தார். கெட்டுப்போன நுரையீரல், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர்.

தெரிந்தேதான் செய்தேன். அம்மா தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கிப் பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. மூச்சு எடுக்காதீர்கள் என்று யாரும் அவர் வாயைப் பொத்தவில்லை. அவர் எடுத்திருக்கலாம்.

இன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் புஷ்பா சித்தி தட்டில் சோறு போட்டாள். "அவரு கடைசியா வாசிச்ச தாளு கூட்டத்துல எங்கயோ போச்சு. இன்னொண்ணு எடுத்துக் குடும்மா. கண்ணாடி போட்டு அவரு படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்றாள். சரி என்றேன்.

நாளை: சித்தப்பாவின் தாளை அச்செடுக்க வேண்டும். மூச்சுக்குறிகள் எல்லாவற்றையும் அவற்றின் பழைய இடத்தில் வைக்க வேண்டும். பிழை இருக்கக் கூடாது.