மறதி நொதியம்

கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை. யாரோடும் பேசத் தேவையில்லை. பல்லேகலயில் அந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் கையில் ஒரு குழாய்கூட உடைந்ததில்லை. அதை நடத்துகிற இப்ஹாம் சேரிடம் கேட்டுப் பாருங்கள் மிஸ், அதை மட்டும் அவர் இப்போதும் சொல்வார்.

அம்மாவைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்கு வருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலையிலும் மாலையிலும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஷாமலா அக்கா குவைத்துக்குப் போனபோது, அதற்கு வீட்டில் ஆள் வேண்டுமென்று என்னைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எனக்குக் கோபமில்லை. அக்கா கெட்டிக்காரி. நான் வகுப்பில் எழுந்து நிற்கவே பயப்படுகிறவள். ஊசி போடும்போது மட்டும் எனக்குக் கை நடுங்காது.

அம்மா நாள் முழுதும் அக்காவைப் பற்றியே பேசுவார். நான் ரொட்டி சுட்டுக் கொடுத்தால், "ஷாமலான்னா இன்னுங் கொஞ்சம் மெதுவா சுடுவா" என்பார். வலிக்காமல் ஊசி போட்டால், "அவ கையும் இப்புடித்தான், பூ மாதிரி" என்பார். அக்கா ஒருநாளும் அவருக்கு ஊசி போட்டதில்லை.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், அதற்கு முந்தின மாதம் அக்கா போனில் வந்தாள். "அம்மா, நத்தாருக்கு வர்றேன். கொழும்புப் பக்கம் வத்தளையில வீடு பாத்துட்டேன். ஒங்கள என்னோடயே கூட்டிட்டுப் போயிருவேன்."

அம்மா அழுதார், சிரித்தார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். என்னைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பார்கள்.

அந்த வாரம்தான் ஆய்வுகூடத்துக்கு அந்தப் பெட்டி வந்தது. சேர் தன் மாணவி ஸுமைராவுக்கு விளக்கினார்.

"மனுசன்ட மூளையில இருக்கிற நொதியம் இது. ஆனா ஒருத்தர்ட மண்டையையும் திறக்கல்ல. மனுச மரபணுவ வளர்ப்புக் கலத்துக்குள்ள வெச்சு, அதையே செய்ய வெச்சது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குக் குடுக்கிற செய்திய இது அழிச்சிரும். மறதிக்காரருக்குக் குடுக்கிற மருந்து இதத்தான் தடுக்குது."

"அப்ப இத என்ட மாமிக்கு டீயில கலந்து குடுத்தா, சீதனக் கதைய மறந்துருவாவா சேர்?"

"குடிச்சா வயித்துலயே செமிச்சிரும், முட்ட மாதிரி. மாமிக்கு நல்ல சத்துத்தான்."

இருவரும் சிரித்தார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அப்போது கழுவும் அறையில் இயந்திரத்தின் மணி அடித்தது, போய்விட்டேன். ஊசியாய் ஏற்றினாலும் அது மூளைக்குள் போகாது என்று சேர் அதற்குப் பிறகு சொன்னாராம். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெட்டியில், ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று இங்கிலீசில் இருந்தது. அதை வாசிக்குமளவுக்குப் படித்திருக்கிறேன். சிவப்பு மூடிக் குழாயொன்றை எடுத்தேன். அதன் இடத்தில், பார்க்க அதே மாதிரி இருக்கட்டுமென்று, கிளிசரின் ஊற்றிய குழாயை வைத்தேன். ஸுமைராவின் பரிசோதனை பிழையாகிப்போய் அவள் அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழாயை ஐஸுக்குள் வைத்து, ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தேன். தினமும் மாலை ஊசியில் இன்சுலினோடு ஒரு துளி சேர்த்தேன். அம்மா எல்லாவற்றையும் மறக்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. செபமாலை, சாப்பாட்டு ருசி, என் பெயர் எல்லாம் இருக்கட்டும். அக்கா மட்டும் போனால் போதும். அம்மாவுக்குத்தான் நல்லது. காத்திருக்கிற வேதனை இல்லை.

சில நாளில் ஊசி போட்ட இடம் தடித்தது. காய்ச்சல் வந்தது. அம்மா பேச்சில்லாமல் படுத்திருந்தார். அக்காவைக் கேட்கவில்லை. நான் ஊட்டிய கஞ்சியைக் குடித்தார். அப்படி ஒரு அமைதி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அதனால் அடுத்த மாலை துளியைக் கொஞ்சம் கூட்டினேன்.

அன்றிரவு அம்மாவின் உதடு வீங்கி, மூச்சு விசில் மாதிரி கேட்டது. தோட்ட லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டு ரவிகுமார் அண்ணன் வாசலுக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, அம்மாவுக்கு இழுக்குது போல. த்ரீவீல எடுக்கவா?"

"வேணாம்ணே. தூங்குறாங்க."

அவ்வளவு சத்தமாக நான் யாரோடும் பேசியதில்லை. அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அம்மா பிழைத்திருப்பார், எனக்கு அது தெரியும். பிழைத்திருந்தால் அம்மாவின் நினைவுக்கு அக்காவும் திரும்ப வந்திருப்பாள்.

கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் கண்ணைத் திறந்து பார்த்தார். "ஷாமலா" என்றார். பிறகு மூச்சில்லை.

மருந்து வேலையே செய்யவில்லை என்கிறீர்கள். நீங்கள் அங்கே இருக்கவில்லை மிஸ். எதிரில் இருந்தது நான். அம்மா என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். பெயரை மட்டும் மறந்துவிட்டார்.