இடுப்பில் ஒன்று கூடுதல்

என் முகத்தைவிட முதுகை நன்கறிந்த, இவ்விழாவின் தலைவர், அறுவை மருத்துவர் அம்மையார் அவர்களே, கத்தியை எடுக்குமுன் கேள்வியை எடுக்கும் அறுவையரங்கத் தோழர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோரே, பிள்ளை பெற்ற வலியைப் பொறுத்தும் கணவரின் முதுகுவலிப் புலம்பலைப் பொறுக்காத தாய்மார்களே, வணங்குகிறேன். குனிந்தே வணங்குகிறேன். போன ஆண்டு இது என்னால் முடிந்திருக்காது.

மேடைப் பேச்சாளனுக்குப் பேச்சா மூலதனம்? இல்லை, நிற்பதுதான். வாய் ஓயாத என்னை இடது கால் ஓயவைத்தது. இடுப்பில் கிளம்பிய வலி குதிகால்வரை இழுத்தது. உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். பாராட்டு விழா இரங்கல் கூட்டம் ஆயிற்று. எலும்புகளின் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, அதை அகற்றினால் நிற்கலாம் என்றார் அம்மையார்.

எந்த ஜவ்வு? அங்கேதான் ஆபத்து. முதுகெலும்புகள் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடி வீடுகள். மாடி மாறினால் ஆள் மாறிவிடும். நானே ஒருநாள் கீழ்மாடி வீட்டில் நுழைந்து, செருப்பைக் கழற்றி, காப்பி கேட்டவன். அங்கே காப்பியாவது கிடைத்தது. முதுகில் மாடி மாறினால்? நல்ல ஜவ்வு போகும், கெட்ட ஜவ்வு தங்கும், வலி வாழும்.

மயக்கத்தில் நான் கிடந்தபோது நடந்ததைத் தலைமைச் செவிலியர் என் மனைவியிடம் சொன்னார். மனைவி தெருவிடம் சொன்னாள். கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மையார் இடுப்பிலிருந்து மேல்நோக்கி எண்ணி, ஓர் ஊசியை அடையாளமாக நட்டு, எக்ஸ்ரே எடுத்தார். பிறகு அவர் வழக்கப்படி, ஸ்கேன் பார்க்கும் மருத்துவரை அழைத்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொன்னார்.

"நான் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கேன், டாக்டர். சரிதானே?"

"இல்லை மேடம். உங்க ஊசி அஞ்சுக்குக் கீழ இருக்கு."

"அஞ்சுக்குக் கீழ இடுப்புதானே இருக்கணும்?"

"இவருக்கு ஆறாவதா ஒண்ணு இருக்கு மேடம்."

பெரும்பாலோருக்கு இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்பு; கீழிருந்து எண்ணியபோது என் ஆறாவதே ஐந்தாவதாகிவிட்டது. எனக்கு ஆறு! யாரங்கே சிரிப்பது? என் மைத்துனரா? இருபது வருடமாக என்னை முதுகெலும்பில்லாதவன் என்றீரே, மாப்பிள்ளை, இப்போது என்ன சொல்கிறீர்? என் மனைவி சொன்னது இது: "வாய் மட்டும்தான் கூடுதல்னு நெனச்சேன்."

ஸ்கேன் மருத்துவர் சொல்லத் தயங்கியிருந்தால்? "எனக்கே சொல்லித் தர்றீங்களா" என்று அம்மையார் சீறியிருந்தால்? அவர் சீறவில்லை, சிணுங்கவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. ஊசியை எடுங்க, முதல்லேருந்து எண்ணுவோம்" என்றார். இருவரும் இரு திசையிலிருந்து எண்ணி, ஒரே எலும்பில் சந்தித்த பிறகே கத்தி தோலைத் தொட்டது. சந்தேகம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அரங்கே சிறந்த அரங்கு. அங்கே வெட்டாமல் நின்ற அந்தக் கை அல்லவா என்னை இங்கே நிற்க வைத்தது?

எண்ணியவர்களுக்கு நன்றி. மறுபடியும் எண்ணியவர்களுக்கு மறுபடியும் நன்றி.

என் பின்னால் இருக்கும் நாற்காலி என் மனைவி போட்டது, நான் தள்ளாடினால் உட்கார. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரமும் அவள்தான் நிற்கிறாள். போதும்மா, நீ உட்கார். நான் நிற்கிறேன்.

எல்லோருக்கும் என் நிமிர்ந்த வணக்கம்.