விரிப்பின் மறுமுனை

“எங்கம்மா வேலை செஞ்ச ரூமைக் காட்டுங்க.”

இதை மட்டும் எங்கேயும், யாரிடமும் கேட்கக் கூடாதென்று தாய்மாமன் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் கேட்டுவிட்டாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது என் அறைத்தோழியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது.

விடியற்காலை ஐந்தரை மணி. அயல்நாட்டு நகரம். கல் பாவிய நீளமான தெரு, ஈரமாக, ஆளரவமே இல்லாமல். மூன்று பெண்கள், முதுகில் மூன்று மூட்டைகள். கல்லூரி முடித்த கையோடு ஊர் சுற்றக் கிளம்பியவர்கள். இந்த ஊரையும் சேர்க்கச் சொன்னவள் அவள்தான். ஏனென்று தோழிகளிடம் சொல்லவில்லை.

“ஊரே குளிச்சு முடிச்ச மாதிரி இருக்குடி. நாமதான் மூணு நாளா குளிக்கல,” என்றாள் நெட்டை.

“உன்னை மோந்து பார்த்தா விசாவையே கேன்சல் பண்ணிடுவான். தள்ளி நட,” என்றாள் வாயாடி.

அவள் சிரிக்கவில்லை. அம்மா போனில் சொன்ன ஊரைத் தேடிக்கொண்டிருந்தாள். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்... ஜன்னலைத் திறந்தால் ஆறு... சுத்தம் சரிதான். ஆறு கண்ணில் படவே இல்லை.

அம்மா இங்கே ஒரு ஓட்டலில் துணி துவைக்க வந்தவள். மகள் மூன்றாவது படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை போன் நின்றது. யாரோடோ ஓடிவிட்டாள் என்று ஓட்டலிலிருந்து தகவல் வந்தது. அவ்வளவுதான். ஓடுகாலி பெத்த பொண்ணு என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே பதிமூன்று வருடம் வளர்ந்து, அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள். ஓடினாளா, இல்லையா? அவளுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

அந்த ஓட்டலின் வரவேற்பில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர். தெரிந்த ஆங்கிலத்தில் அவள் கேட்டதும், “சலவை அறையை மூடி வருஷக் கணக்காகுது. அங்கே எதுவும் இல்லை,” என்றார். அவள் அம்மாவின் பெயரைச் சொன்னாள். மீசைக்காரர் இழுப்பறையைத் திறந்தார். ஒரு சாவியை மேசைமேல் வைத்தார். கூட வரவில்லை.

தோழிகளை மேலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள். ஈரச் சுண்ணாம்பு வாடை. இன்னும் இறங்க இறங்க... வெந்நீரில் கரைந்த சோப்பு வாசனை. பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து, தட்... தட்... தட்.

பூட்டைத் திறந்தாள். சத்தம் நின்றது.

இயந்திரம் எதுவும் இல்லை. சுவரில் துருப்பிடித்த குழாய்கள். ஜன்னல்... ஒன்றுகூட இல்லை. அறையின் கோடியில் ஒரு பெண், பெரிய வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவேதான்.

“புதுசா? பார்த்துக்கிட்டே நிக்காதே. அந்தப் பக்கம் பிடி. ஒரு ஆளா இதை மடிக்க முடியுமா?”

அவள் போய்ப் பிடித்தாள். விரிப்பு சூடாக இருந்தது. இழுத்து உதறினார்கள். பாதியாக மடித்து, நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்தார்கள். விரல்கள் தொட்டுக்கொண்டன. அந்த விரல்கள் பனிக்கட்டி. அம்மாவின் கண்கள் மடிப்பை விட்டு நிமிரவே இல்லை.

“நல்லாத்தான் மடிக்கிறே. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. மூணாவது படிக்கிறா. கணக்குதான் வராது. கோபம் மட்டும் பொத்துக்கிட்டு வரும்.”

“கணக்குலதாம்மா டிகிரி வாங்கியிருக்கா.”

“மூணாவது படிக்கிறவளா?” அம்மா சிரித்தாள். அதே சிரிப்பு. “பெரிய ஆளுதான் நீ.”

மறுபடி பாதி. மறுபடி நடை. மறுபடி அந்தக் குளிர்.

“நீ... ஓடிப் போகலையா?”

“எங்க ஓடுறது? வெளிய பூட்டிட்டுப் போயிட்டாங்களே. எவ்வளவு நேரமா தட்டுறேன்... புகை வேற. அவளுக்குப் போன் பண்ணணும், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காத்துக்கிட்டு இருப்பா.”

நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லிவிட்டால், எட்டு வயசுக் குழந்தை காத்திருக்கிறது என்கிற அந்த ஒன்றும் அம்மாவிடமிருந்து போய்விடும். விழுங்கிக்கொண்டாள்.

கடைசி மடிப்பு. அம்மா துணியை அவள் கையில் வைத்தாள்.

“இதை மேல கொடுத்துடு. போகும்போது கதவை மட்டும் சாத்தாம போம்மா...”

மேலே மீசைக்காரர் சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“எங்கடி போற? பத்து மணிக்கு அடுத்த ஊருக்கு பஸ்!” நெட்டை பின்னாலேயே ஓடிவந்தாள்.

“நீங்க போங்க. போலீஸ் ஸ்டேஷன் எங்கேன்னு விசாரிக்கணும்.”

வெளியே நன்றாக விடிந்திருந்தது. கையிலிருந்த துணி இன்னும் ஆறவில்லை. அவள் பிடித்திருந்த ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. எதிர் ஓரத்தில்... பத்து விரல் தடங்கள், கரியாக.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.